முதல் தட்டும் கடைசித் தட்டும்

எழுதுகிறவர்களுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஒரு விசித்திரமான பயம் பிடித்துக் கொள்ளும். வேண்டியவர் யாராவது ஒருவர் பழைய பத்திரிகைக் கட்டுகளைக் கிளறி, நாம் இருபது வயதில் எழுதிய கதைகளையெல்லாம் கண்டெடுத்து, "அடடா, இவை வீணாய்ப் போகலாமா?" என்று மனம் உருகி, அழகான அட்டை போட்டுப் புத்தகமாக்கி நம் கையிலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுவாரோ என்கிற பயந்தான்.

எனக்கு அந்தப் பயம் அதிகம். ஏனென்றால், என் விஷயத்தில் அது ஏற்கனவே நடந்துவிட்டது. என் முதல் பன்னிரண்டு கதைகளை ஒரு பதிப்பாளருக்கு முழு உரிமையுடன் எழுதிக் கொடுத்தேன். அவர் நல்லவரா, பொல்லாதவரா என்பது இங்கே விஷயமல்ல, பெயரும் வேண்டாம். கிடைத்த பணத்தில் தாயாருக்கு ஒரு புடவையும் எனக்கு ஒரு ஜோடிச் செருப்பும் வாங்கினேன். செருப்பு அடுத்த வருஷமே தேய்ந்து போயிற்று. புத்தகம் இன்னும் தேயவில்லை. புதுப் புது அட்டையுடன் வந்துகொண்டே இருக்கிறது. கடைகளில் அதைப் பார்த்தால், கடன்காரனைக் கண்டவன் போல நான் எதிர்ப் பக்கத்துக்குப் போய்விடுவேன்.

இப்படிப்பட்ட மனிதனிடம் ஒரு சிநேகிதர் மூன்று இசைத்தட்டுகளைக் கொடுத்து, "கேட்டுப் பாருங்கள், உங்களுக்கு ஒரு கதை அகப்படும்" என்றார். ரைனோ என்ற அமெரிக்கக் கம்பெனி 1989-ம் ஆண்டில் வெளியிட்ட தொகுதி அது. பாட்ஸி கிளைன் என்ற பாடகியின் முதல் ஒலிப்பதிவுகள் என்று மூன்று அட்டைகளிலும் போட்டிருந்தது. கதை அகப்பட்டது உண்மை. ஆனால் அது நான் எழுத வேண்டிய கதை அல்ல. ஏற்கனவே நடந்து முடிந்த கதை. ஆகையால் அதை உள்ளபடியே சொல்லிவிடுகிறேன்.

*

அமெரிக்காவில் 'கண்ட்ரி' சங்கீதம் என்று ஒன்று உண்டு. தெற்கு மாகாணங்களில் மலைச் சாரல்களிலும் பருத்திக் காடுகளிலும் பிறந்து, பிடிலையும் கிதாரையும் துணைக்கு வைத்துக்கொண்டு வளர்ந்தது அது. காதலும் பிரிவும் குடியும் கடவுளும் அதில் சரிசமமாக இடம் பெறும். டென்னஸி மாகாணத்திலுள்ள நாஷ்வில் நகரம் அதற்குத் தலைநகர். 1925-ல் அங்கே ஒரு வானொலி நிலையத்தில் ஆரம்பித்த 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற வாராந்தரக் கச்சேரியில் பாடிவிட்டால், பாடகருக்கு ஜன்மம் சாபல்யமாகிவிட்டது என்று அர்த்தம்.

அந்த மேடையில் ஆண்களின் ஆட்சிதான் நடந்தது. பெண் தனியாகப் பாடினால் தட்டு விற்காது என்று கம்பெனிக்காரர்கள் உறுதியாக நம்பினார்கள். 1952-ல் கிட்டி வெல்ஸ் என்ற குடும்பப் பெண் பாடிய ஒரு பாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தபோதுதான் அந்த நம்பிக்கையில் ஒரு சிறு விரிசல் கண்டது. நம்முடைய கதாநாயகி உள்ளே நுழைந்தது அந்த விரிசல் வழியாகத்தான்.

அவளுடைய இயற்பெயர் வர்ஜீனியா பாட்டர்ஸன் ஹென்ஸ்லி. வர்ஜீனியா மாகாணத்தில், ஆப்பிள் தோட்டங்களுக்குப் பெயர் போன வின்செஸ்டர் என்ற ஊரில் 1932-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி பிறந்தாள். தகப்பனார் கொல்லர். தாயார் ஹில்டாவுக்கு அப்போது வயது பதினாறுதான். தகப்பனார் வேலை தேடிப் போன ஊருக்கெல்லாம் குடும்பமும் மூட்டை கட்டிக்கொண்டு போயிற்று. பதின்மூன்றாவது வயதில் சிறுமிக்குத் தொண்டையிலே ரணம் கண்டு, கடும் ஜுரம் வந்தது. பிழைப்பதே துர்லபம் என்றிருந்து பிழைத்தாள். அந்த ஜுரத்துக்குப் பிறகுதான் தன் குரல் இப்படி ஓங்கி எழுந்தது என்று அவள் பின்னாளில் சொல்வதுண்டு. வைத்தியர்கள் ஒப்புக்கொள்வார்களோ, மாட்டார்களோ! கேட்டவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

1947-ல் தகப்பனார் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாயார் தையல் வேலை செய்தாள். மூத்தவளான பெண் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனாள். கோழி உரிக்கும் ஆலையில் சில காலம், பஸ் நிலையத்தில் சில காலம். கடைசியில் ஊரிலிருந்த ஒரு மருந்துக் கடையின் சோடா மேஜையில் நின்று ஐஸ்கிரீம் எடுத்துக் கொடுக்கும் வேலை நிலைத்தது. பகலெல்லாம் சோடா, இரவெல்லாம் பாட்டு. சுற்று வட்டாரத்தில் எந்த நடனக் கொட்டகையில், எந்த உணவு விடுதியில் பாடச் சொன்னாலும் போவாள். நள்ளிரவுக்குப் பிறகு தாயார் அழைத்து வருவாள். பதினாறு வயதில் நாஷ்வில் வரைக்கும் போய்ப் பாடிக் காட்டினாள். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். வேலை மாத்திரம் கொடுக்கவில்லை. திரும்பி வந்து மறுபடியும் சோடா மேஜையில் நின்றாள்.

1952-ல் பில் பியர் என்ற வாத்தியக் குழுத் தலைவர் அவளைச் சேர்த்துக் கொண்டார். பாட்டர்ஸன் என்ற பெயரைச் சுருக்கி 'பாட்ஸி' என்று வைத்தவரும் அவரே. அடுத்த வருஷம் ஜெரால்டு கிளைன் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டாள். நாலு வருஷத்தில் அந்த விவாகம் ரத்தாகிவிட்டது. ஆனால் புருஷன் கொடுத்த பெயர் நிலைத்துவிட்டது. உலகம் அவளை அறிந்தது அந்தப் பெயரில்தான்.

*

1954-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி பாட்ஸி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். எழுதுகிறவர்களும் பாடுகிறவர்களும் மேலே நான் சொல்லப் போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவேண்டும்.

கலிபோர்னியாவில் பாஸடேனா என்னும் ஊரில் 'ஃபோர் ஸ்டார்' என்ற இசைத்தட்டுக் கம்பெனி இருந்தது. அதன் அதிபர் பில் மக்கால். அவருடன் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. கம்பெனியோ சிறியது. ஆகவே மக்கால் பாட்டைப் பதிவு செய்து, அதை டெக்கா என்ற பெரிய கம்பெனிக்குக் குத்தகையாகக் கொடுப்பார். டெக்காவும் அதன் கிளையான கோரலும் தட்டை அச்சிட்டு விற்கும். பாட்ஸிக்கு விற்பனையில் நூற்றுக்கு 2.34 பங்கு, அதாவது டாலருக்கு இரண்டேகால் சென்டுக்குக் கொஞ்சம் மேலே. வாத்தியக்காரர்களின் கூலி முதலான பதிவுச் செலவுகளையும் அந்தப் பங்கிலிருந்தே கழித்துக் கொள்வார்கள். கழித்தது போக மிச்சம் என்ன என்று கணக்குப் பார்க்க வாசகர்களுக்குப் பெரிய கணித ஞானம் தேவையில்லை.

ஆனால் விஷம் பங்கில் இல்லை. வேறொரு ஷரத்தில் இருந்தது. மக்காலின் பதிப்பகம் உரிமை வைத்திருக்கும் பாட்டுகளைத்தான் அவள் பாடவேண்டும் என்பது அந்த ஷரத்து. 'பாட்டுக்கு ஒரு பதிப்பகமா, அதிலே என்ன லாபம்?' என்று கேட்கத் தோன்றும். அமெரிக்கச் சட்டப்படி, ஒரு தட்டு விற்றால் அதிலுள்ள ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு சென்ட் உரிமைத் தொகை உண்டு. 1909 முதல் 1978 வரைக்கும் அந்த இரண்டு சென்ட் மாறவே இல்லை. அதைப் பாட்டு எழுதியவரும் பதிப்பகத்தாரும் பங்கிட்டுக் கொள்வார்கள். பாடகிக்கு அதில் சம்பந்தமில்லை. ஆகவே வெளியார் எழுதிய நல்ல பாட்டைப் பாடச் சொன்னால் மக்காலுக்கு ஒரு கை குறையும். தன்னுடைய பதிப்பகத்துப் பாட்டு சுமாராயிருந்தாலும் இரண்டு கைகளும் நிறையும்.

அந்த மனிதருக்கு மூன்றாவது கையும் இருந்தது. ஃபோர் ஸ்டார் பாட்டுகள் பலவற்றில், எழுதியவர் பெயருடன் டபிள்யூ. எஸ். ஸ்டீவன்ஸன் என்ற இன்னொரு பெயரையும் காணலாம். யார் இந்த மகாகவி என்று தேடினால், அவர் வேறு யாருமில்லை; மக்காலேதான்! கம்பெனி முதலாளி, பதிப்பக முதலாளி, பாட்டெழுதிய கவிராயர் என்று ஒரே பலாப்பழத்தை மூன்று பக்கத்திலிருந்தும் உரித்தார். பாடியவளுக்குக் கையில் ஒட்டியது பிசின்.

இரண்டு வருஷ ஒப்பந்தம் ஆறு வருஷம் எப்படி நீண்டது? அதுவும் நமக்குப் புதிய விஷயமல்ல. கையில் காசில்லாத சமயங்களில் பாட்ஸி முன்பணம் கேட்பாள். மக்கால் முகம் கோணாமல் கொடுப்பார். கூடவே ஒரு காகிதமும் கொடுப்பார். அதிலே ஒப்பந்தக் காலம் நீட்டப்பட்டிருக்கும். மேலே கை நீட்டி வாங்கினால் கீழே காலம் நீளும். இந்தக் கணக்கை எந்தக் கிராமத்து மிராசுதாரும் அறிவார்.

*

1955-ம் ஆண்டு ஜூன் முதல் தேதி நாஷ்விலில் முதல் பதிவு நடந்தது. நான்கு பாட்டுகள். பதிவை நடத்தியவர் ஓவன் பிராட்லி என்ற பியானோ வித்வான். முதல் தட்டு ஜூலை மாதம் வெளிவந்தது. மாதா கோயிலில் கல்யாணம், கோர்ட்டில் விவாகரத்து, பிறகு பிரியாவிடை என்று ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதையும் மூன்றே இடங்களில் சொல்லி முடிக்கிற பாட்டு அதில் இருந்தது. தட்டு விற்கவில்லை. அடுத்த தட்டும் விற்கவில்லை. அதற்கடுத்ததும் அப்படியே.

விற்ற தட்டு ஒன்றுதான். அதன் கதையும் வேடிக்கையானது. நள்ளிரவுக்குப் பின் தெருவில் நடந்து காதலனைத் தேடும் பெண்ணைப் பற்றி ஆலன் பிளாக், டான் ஹெக்ட் என்ற இருவர் ஒரு பாட்டு எழுதியிருந்தார்கள். வேறொரு பிரபலப் பாடகிக்காக எழுதியது. அவளுடைய கம்பெனி வேண்டாமென்று தள்ளிவிட்டது. மக்கால் அதைப் பாட்ஸியிடம் கொண்டு வந்தார். பாட்ஸிக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இது கண்ட்ரி பாட்டே அல்ல, பட்டணத்துப் பாட்டு என்று சாதித்தாள். கடைசியில், தனக்குப் பிடித்த இன்னொரு பாட்டையும் சேர்த்துப் பதிவு செய்வதென்ற பேரத்தின் பேரில் 1956 நவம்பர் 8-ந் தேதி அதைப் பாடிக் கொடுத்தாள். அதுவும் சில மாதங்கள் கிடப்பிலே கிடந்தது.

1957 ஜனவரி 21-ந் தேதி நியூயார்க்கில், ஆர்தர் காட்பிரே என்பவர் டெலிவிஷனில் நடத்திவந்த புதுமுகங்களின் போட்டிக்குப் பாட்ஸி போனாள். அங்கே ஒவ்வொரு பாடகரையும் வேறு ஒருவர் 'கண்டுபிடித்து' அழைத்து வரவேண்டும் என்பது முறை. பாட்ஸியைக் 'கண்டுபிடித்தவர்' யார் தெரியுமா? சாக்ஷாத் தாயார் ஹில்டாதான்! தாயார் பெயர் ஹென்ஸ்லி. மகள் பெயர் கிளைன். யாருக்குச் சந்தேகம் வரப் போகிறது? தாயார் தன் கையால் ஜாலர் வைத்துத் தைத்த கிராமத்து உடுப்பைப் போட்டுக்கொண்டு, கிராமத்துப் பாட்டைப் பாடத்தான் மகளும் வந்திருந்தாள். நிகழ்ச்சிக்காரர்கள் இரண்டையும் மாற்றச் சொன்னார்கள். பட்டணத்து உடை, அந்த நள்ளிரவுப் பாட்டு. அரை மனத்தோடு சம்மதித்தாள். பாடி முடித்ததும் கைதட்டலை அளக்கும் யந்திரத்தின் முள் உச்சிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

தட்டு பிப்ரவரியில் அவசர அவசரமாக வெளிவந்தது. கண்ட்ரி பட்டியலில் இரண்டாவது இடம். பொதுப் பட்டியலில் பன்னிரண்டாவது இடம். அமெரிக்காவெங்கும் அவள் பெயர் தெரிந்தது. ஆகஸ்டு மாதம் பன்னிரண்டு பாட்டுகளுடன் முதல் நெடுந்தட்டும் வெளியாயிற்று.

அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடியும் மக்காலின் பெட்டியிலிருந்து பாட்டுகள். மறுபடியும் விற்காத தட்டுகள். மூன்று வருஷம் இப்படியே போயிற்று. சார்லி டிக் என்பவரை மறுமணம் செய்துகொண்டாள்; பெண் குழந்தை பிறந்தது; கிடைத்த இடத்தில் பாடிப் பிழைத்தாள். 1960 ஜனவரியில் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' அவளை அங்கத்தினராகச் சேர்த்துக் கொண்டது. அதே மாதக் கடைசியில் ஃபோர் ஸ்டாருக்காகக் கடைசிப் பதிவு நடந்தது. எண்ணிப் பார்த்தால் மொத்தம் ஐம்பத்தொரு பாட்டுகள். அவற்றில் வெற்றி ஒன்றே ஒன்று.

*

இனி நடந்தது எல்லாருக்கும் தெரிந்த பகுதி. ஒப்பந்தம் முடிந்ததும் டெக்கா கம்பெனி அவளை நேராக எடுத்துக் கொண்டது. 1960 நவம்பரில், ஹாங்க் காக்ரன், ஹார்லன் ஹவார்டு என்ற இருவர் எழுதிய பாட்டைப் பாடினாள். 1961 ஆகஸ்டில் அது கண்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அது வந்தபோது அவள் உடம்பெல்லாம் கட்டுகளுடன் இருந்தாள். ஜூன் 14-ந் தேதி நாஷ்விலில் எதிரே வந்த கார் மோதி, முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்து, ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நெற்றியில் ஏற்பட்ட வடு கடைசி வரை இருந்தது. ஊன்றுகோலுடன் எழுந்து வந்து, அதுவரை பிரபலமாகாத வில்லி நெல்ஸன் எழுதிய 'கிரேஸி' என்ற பாட்டைப் பாட முயன்றாள். விலா எலும்பு வலியால் உச்ச ஸ்தாயி பிடிக்க முடியவில்லை. வாத்தியங்களை மட்டும் பதிவு செய்து வைத்துவிட்டு, சில வாரங்கள் கழித்து வந்து அதன்மேல் பாடிக் கொடுத்தாள். நவம்பரில் ஆப்ரி குழுவுடன் நியூயார்க் கார்னகி மண்டபத்தில் பாடினாள். சோடா மேஜையிலிருந்து கார்னகி மண்டபத்துக்கு வர அவளுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. அதன் பிறகு மிச்சமிருந்தது பதினைந்து மாதம்தான்.

1963 மார்ச் 3-ந் தேதி கான்ஸாஸ் நகரத்தில், விபத்தில் இறந்துபோன ஒரு வானொலிக்காரரின் குடும்பத்துக்காக நடந்த உதவிக் கச்சேரியில் பாடினாள். 5-ந் தேதி, அவளுடைய நிர்வாகஸ்தரே ஓட்டிய சிறு விமானத்தில் திரும்பினாள். கவ்பாய் கோபாஸ், ஹாக்‌ஷா ஹாகின்ஸ் என்ற பாடகர்கள் இருவரும் கூட இருந்தார்கள். வானம் சரியில்லை. நாஷ்வில் போய்ச் சேருமுன், காம்டன் என்ற ஊருக்கருகே காட்டில் விமானம் விழுந்தது. நால்வரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவளுக்கு வயது முப்பது.

*

மனிதர்கள் இறந்தால் கடன் தீர்ந்தது என்பார்கள். பாடகர்கள் விஷயத்தில் அப்படியல்ல. இறந்த பிறகுதான் சிலருக்கு வியாபாரம் ஆரம்பமாகிறது.

அந்த ஐம்பத்தொரு பாட்டுகளும் ஃபோர் ஸ்டாரின் சொத்து. செத்துப் போனவள் புதிதாக ஒன்றும் பாடப் போவதில்லை. ஆனால் பழையதைப் புதிது போல விற்கத் தடையென்ன? எவரெஸ்ட் முதலான மலிவு விலைக் கம்பெனிகள் உரிமை வாங்கி, அந்தப் பாட்டுகளைப் பத்தும் பன்னிரண்டுமாகக் கூறு கட்டி விற்றன. 'பொன்னான பாட்டுகள்' என்று ஒரு தட்டு, 'நினைவாஞ்சலி' என்று ஒரு தட்டு. பாட்டு அதேதான், வரிசைதான் வேறு. சிலர் பழைய குரலின்மேல் புதிய வாத்தியங்களையும் ஏற்றினார்கள். அட்டையில் 1962-ன் முகம்; உள்ளே 1955-ன் குரல். 'கிரேஸி' இருக்கும் என்று நம்பி வாங்கிப் போன ஏழை ரசிகன், மாதா கோயிலும் கோர்ட்டும் வருவதைக் கேட்டுத் திகைத்திருப்பான். இதனால் அவளுடைய ஆரம்பப் பதிவுகளுக்கு ஒரு கெட்ட பெயர் ஏற்பட்டது. அவை சந்தைக் கடைக் குப்பை என்று நல்ல ரசிகர்கள் ஒதுக்கினார்கள்.

இன்னும் விநோதம் ஒன்று கேளுங்கள். 1964-ல் ஜிம் ரீவ்ஸ் என்ற பாடகரும் விமான விபத்தில் இறந்தார். உயிரோடிருந்த நாளில் இருவரும் சேர்ந்து ஒரு பாட்டும் பதிவு செய்ததில்லை. 1981-ல், தனித்தனியே இருவரும் பாடியிருந்த ஒரே பாட்டை எடுத்து, யந்திரத்தின் உதவியால் ஒட்டி, ஜோடிப் பாட்டாக்கி வெளியிட்டார்கள். தட்டு நன்றாகவே விற்றது.

இந்தச் சந்தையின் நடுவே வந்ததுதான் 1989-ன் மூன்று தட்டுகள். பெயரிலேயே அவை நேர்மையைக் காட்டின. இவை முதல் பதிவுகள் என்று ஒளிக்காமல் சொல்லின. இரண்டு வருஷம் கழித்து, 1991-ல், எம். சி. ஏ. கம்பெனி அவளுடைய ஆரம்பப் பதிவுகளையும் பிற்காலப் பதிவுகளையும் கால வரிசைப்படி நான்கு குறுந்தட்டுகளில் அடக்கி வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் அந்த ஆறு வருஷங்களை ஒழுங்காகக் காது கொடுத்துக் கேட்க முடிந்தது.

*

நானும் கேட்டேன். முதலில் பாவம் என்று தோன்றிற்று. எந்த உடுப்பு பொருந்தும் என்று தெரியாமல் ஒரு பெண்ணுக்குக் கடையிலுள்ள எல்லா உடுப்புகளையும் போட்டுப் பார்ப்பது போல, இந்தக் குரலுக்கு எல்லாவற்றையும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். குடிக் கொட்டகைப் பாட்டு உண்டு. எல்விஸ் பிரஸ்லியின் வெற்றியைப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதிக்கும் பாட்டும் உண்டு. மூன்றாவது தட்டு அப்படிப்பட்டவற்றுக்கென்றே ஏற்பட்டது. பக்திப் பாட்டும் உண்டு. பாட்டுகளில் பல, உப்பில்லாத பண்டம்.

ஆனால் இரண்டாம் முறை கேட்கும்போது வேறொன்று புலப்பட்டது. சுமாரான பாட்டிலும் ஒரு வரியில் குரல் சட்டென்று ஒரு படி கீழே இறங்கும். விம்மல் வரும் போல இருக்கும், ஆனால் வராது. தன்னைச் சமாளித்துக்கொண்டு மேலே போகும். 'கிரேஸி'யில் நாம் உருகுகிற அந்த வித்தை 1955-லேயே வந்துவிட்டது. குரலில் குறைவில்லை. குறைந்தது பாட்டு.

அப்படியானால் பழியெல்லாம் மக்கால் தலையிலேதானா? அப்படிச் சொல்லி முடித்துவிட்டால் கதை சௌகரியமாக இருக்கும். உண்மை அவ்வளவு சௌகரியமானதல்ல. அவள் புகழை முதன்முதலில் உண்டாக்கிய பாட்டை அவளே வேண்டாமென்றாள். பின்னால் வந்த பெரிய வெற்றிகளும் முதலில் அவளுக்குப் பிடிக்கவில்லை. தான் துள்ளிப் பாடும் கிராமத்துப் பெண் என்று அவள் நம்பினாள். மெல்ல அழும் பாட்டுக்கென்றே படைக்கப்பட்ட குரல் அது என்பதைப் பிறர்தான் அவளுக்குச் சொல்லவேண்டியிருந்தது. ஓவன் பிராட்லியும் அந்த ஆறு வருஷமும் கற்றுக்கொண்டுதான் இருந்தார். பிடிலையும் ஸ்டீல் கிதாரையும் பின்னுக்குத் தள்ளி, மிருதுவான தந்தி வாத்தியங்களையும் பின்பாட்டையும் வைத்து நாஷ்விலுக்கென்று ஒரு புது ஓசையை அவரும் மற்றவர்களும் உண்டாக்கியது அந்தக் காலத்தில்தான்.

இதைக் காதாலேயே சோதித்துப் பார்க்கலாம். நள்ளிரவுப் பாட்டை அவள் இரண்டு தடவை பதிவு செய்திருக்கிறாள். 1956-ல் ஃபோர் ஸ்டாருக்காக ஒன்று. 1961-ல் டெக்காவுக்காக இன்னொன்று. முதலாவதில் டான் ஹெல்ம்ஸ் வாசிக்கும் ஸ்டீல் கிதார் கூர்மையாய்க் குறுக்கே குறுக்கே வந்து பேசும். பாடுகிறவள் இருபத்துநாலு வயதுப் பெண். தெருவில் தேடி நடக்கிறாள். கிடைத்துவிடுவான் என்ற நம்பிக்கை காலில் இருக்கிறது. இரண்டாவதில் பின்பாட்டு மெத்தையாய் விரிந்திருக்கிறது, குரல் கனிந்திருக்கிறது, எல்லாம் உசிதமான இடத்தில் இருக்கின்றன. சங்கீதம் தெரிந்தவர்கள் இரண்டாவதே உயர்ந்தது என்று சொல்லக்கூடும். ஆனால் அவள் நடப்பது எனக்குக் கேட்டது முதலாவதிலேதான்.

1973-ல் கண்ட்ரி சங்கீதத்தின் புகழ் மண்டபத்தில் அவளைச் சேர்த்தார்கள். தனிப் பாடகிகளில் அந்த மரியாதை பெற்ற முதல் பெண் அவள்தான். 1967-ல் வெளியான அவளுடைய சிறந்த பாட்டுகளின் தொகுதி ஒரு கோடிப் பிரதிக்கு மேல் விற்றிருப்பதாக 2005-ல் சான்று கொடுத்தார்கள். வின்செஸ்டரில், தாயார் தையல் யந்திரத்தின் முன் உட்கார்ந்து பிழைத்த அந்தச் சிறு வீடு 2011 முதல் காட்சிசாலையாக இருக்கிறது. கலைஞருக்குக் காலம் கடந்து பலன் வந்தால் வீட்டுச் சுவர்களுக்காவது வருகிறது!

*

கடைசியாக ஒரு சம்பவம். 1963 பிப்ரவரி முதல் வாரம் அவள் நாஷ்விலில் நான்கு நாள் தொடர்ந்து பாடிப் பதிவு செய்தாள். முடிந்ததும் சிநேகிதர்கள் சிலர் கூடிப் பாட்டுகளைப் போட்டுக் கேட்டார்கள். உடனிருந்த பாடகி ஜான் ஹவார்டு அம்மாள் பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். பாட்ஸி தன்னுடைய மிகப் பழைய தட்டு ஒன்றைக் கொண்டுவந்து, இப்போது பாடியதையும் சேர்த்துக் காட்டி, இதோ முதலாவது, இதோ கடைசி என்றாளாம். கேட்டவர்கள் பதறினார்கள். அவள் சமாதானம் சொன்னாள். முதலில் பாடியதும் கடைசியாகப் பாடியதும் என்றுதான் அர்த்தம் என்றாள். ஒரு மாதம் ஆகுமுன் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது.

இதைக் கேட்கிறவர்கள் 'கடைசி' என்ற சொல்லையே பிடித்துக்கொண்டு, அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததோ என்று ஆச்சரியப்படுகிறார்கள். எனக்கு மனத்திலே தைத்தது 'முதல்' என்ற சொல். விற்காத தட்டு அது. பைசா தராத தட்டு. முதலாளி ஒருவர் மூன்று கையாலும் வாரிக்கொண்ட தட்டு. புகழின் உச்சியில் இருந்த பெண், அதை வீட்டுப் பரணில் ஒளித்து வைக்கவில்லை. தன் ஆகச் சிறந்த பாட்டுகளின் பக்கத்தில் வைத்து, நாலு பேர் முன்னால் கையில் தூக்கிக் காட்டினாள். உரிமை யாருடையதாயிருந்தால் என்ன? பாடியது நான்தானே என்பது போல.

சிநேகிதருக்குத் தட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும் வழியில் ஒரு புத்தகக் கடை. ஜன்னலில் என் பழைய கதைகள் புது அட்டையுடன் உட்கார்ந்திருந்தன. வழக்கம்போல எதிர்ப் பக்கத்துக்குப் போகக் கால் எழுந்தது. பிறகு மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு உள்ளே போய், ஒரு பிரதி வாங்கினேன். எழுதியவர் என்று சொன்னால் கடைக்காரர் கழிவு கொடுத்திருப்பார். சொல்லவில்லை. முழு விலையும் கொடுத்தேன்.